கூரை திறக்கும் கார், பின்னால் இரண்டு பிள்ளைகள்

கன்வெர்டிபிள் ஆசை முன்சீட்டில்தான் பிறக்கிறது. ஜூன் மாதத்துச் சாயங்காலம், எட்டரை மணிக்கும் மங்காத வெளிச்சம், கூரையை மடித்துவிட்டுக் கிராமச் சாலையில் வளைந்து வளைந்து போகிறோம் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்கிறோம். அந்தக் கற்பனையில் பின்னால் இருக்கும் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வருவார்கள். நிஜத்தில் அவர்கள் முகத்தில் காற்று அறையும், காது அடைக்கும், கால் வைக்க இடம் இருக்காது. "அப்பா, மேலே மூடுங்கப்பா" என்பது முதல் கோடையிலேயே தொடங்கிவிட்டால் அதற்கப்புறம் அந்தக் கூரை திறக்காது. கூரை திறக்காத கன்வெர்டிபிள் என்பது டிக்கி குறுகிய, கதவு இரண்டே உள்ள, தேவைக்கு மேல் விலை கொடுத்து வாங்கிய கார். எனவே இந்த அத்தியாயத்தில் காரைப் பின்சீட்டிலிருந்து பார்க்கத் தொடங்கி, எஞ்சினைக் கடைசியாகப் பார்க்கப் போகிறோம்.

பிரிட்டனை மனதில் வைத்தே எழுதுகிறேன். மழைக்குப் பேர்போன நாட்டில் ஏன் இத்தனை திறந்த கார்கள் என்று புதிதாக வந்தவர்கள் வியப்பதுண்டு. வெயில் சுடாததுதான் காரணம். சென்னையில் மே மாதம் கூரையைத் திறந்தால் அடுத்த சிக்னலுக்குள் மூடத் தோன்றும். இங்கே ஏப்ரலில் ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, காலடியில் ஹீட்டரையும் வைத்துவிட்டால் பதினைந்து டிகிரியிலும் சுகமாகப் போகலாம். நாலு சீட் கன்வெர்டிபிள்கள் இங்கே பழைய கார் சந்தையில் நிறையக் கிடைக்கின்றன. இந்த அத்தியாயத்தில் வரும் கார்களில் பெரும்பாலானவற்றை இப்போது பழையதாக மட்டுமே வாங்க முடியும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஏன் என்று பார்ப்போம்.

எத்தனை வருஷத்துக்கான கார்?

நாலு வயதுக்குக் கீழே குழந்தைச் சீட்டின் பருமன்தான் சிக்கல். பன்னிரண்டு வயதுக்கு மேலே பிள்ளையின் கால் நீளம் சிக்கல். நடுவில் இருக்கும் ஏழெட்டு வருஷம்தான் இந்தக் காருக்கும் பிள்ளைகளுக்கும் பொருத்தமான காலம். மூத்தவளுக்கு ஒன்பது, இளையவனுக்கு ஐந்து என்றால், நீங்கள் வாங்குவது மூன்று நாலு வருஷத்துக்கான கார். அதற்காகப் புதுக் கார் எடுத்து முதல் மூன்று வருஷ விலைச் சரிவை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்வானேன்? ஐந்து முதல் பத்து வயதுள்ள காரை எடுத்து, நன்றாகப் பராமரித்து, பிள்ளைகள் வளர்ந்ததும் விற்றுவிடுவதே கெட்டிக்காரத்தனம்.

வீட்டில் மூன்று பிள்ளைகள் என்றால் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விடலாம். கூரை மடிந்து இறங்குவதற்குப் பின்பக்கத்தின் இரு ஓரங்களிலும் இடம் வேண்டும். அந்த இடத்தைப் பின்சீட்டின் அகலத்திலிருந்துதான் எடுக்கிறார்கள். அதனால் இங்கே பேசப்போகும் கார்களில் பின்னால் இரண்டு பேருக்குத்தான் பெல்ட் இருக்கும். நடுவில் ஒருவரை ஒட்டவைக்க வழியே கிடையாது.

இன்னொரு பொறி, பேருக்குப் பின்சீட் வைத்திருக்கும் கார்கள். மஸ்டா எம்.எக்ஸ்-5, பி.எம்.டபிள்யூ. இசட்4, ஆடி டி.டி. ரோட்ஸ்டர் ஆகியவை வெளிப்படையாகவே இரண்டு சீட் கார்கள். அவற்றில் ஏமாற்றம் இல்லை. பெஜோ 206 சி.சி. போன்றவை விளம்பரத்தில் நாலு சீட் என்று வரும். பின்னால் கைப்பையை வைக்கலாம். போர்ஷே 911 கேப்ரியோலேயின் பின்சீட் சின்னக் குழந்தைக்குச் சரி, பத்து வயதுக்குச் சரியில்லை. 2022-இல் வந்த மெர்சிடிஸ் எஸ்.எல்.லில் பின்சீட் உண்டு. ஆனால் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அது இல்லை என்று தயாரிப்பாளரே சொல்லிவிடுகிறார். அந்த நேர்மையைப் பாராட்டிவிட்டு நகரலாம்.

சட்டம் கேட்பது

பிரிட்டனில் குழந்தைக்குப் பன்னிரண்டு வயது நிறையும் வரை, அல்லது 135 சென்டிமீட்டர் உயரம் வரும் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை, குழந்தைச் சீட் கட்டாயம். குழந்தைச் சீட்டுகளுக்கான ஐ-சைஸ் விதிப்படி வாங்கிய சீட்டானால் பதினைந்து மாதம் வரை குழந்தை பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். பின்பக்கம் பார்க்கும் சீட்டை முன்னால் வைப்பதானால் அந்தப் பக்கத்து ஏர்பேக்கை அணைத்தே ஆகவேண்டும். கன்வெர்டிபிளுக்கென்று தனிச் சலுகையும் இல்லை, தனிக் கெடுபிடியும் இல்லை.

ஆனால் சட்டத்துக்கு மேலே ஒரு படி போகவேண்டிய இடம் ஒன்று உண்டு. சாதாரணக் காரில் கூரை ஓரத்திலிருந்து திரைபோல இறங்கும் ஏர்பேக் பின்சீட்டில் இருப்பவர் தலையையும் காக்கும். கூரையே இல்லாத காரில் அது எங்கிருந்து இறங்கும்? 2006-இல் வந்த வால்வோ சி70 அதைக் கதவுக்குள் வைத்து மேல்நோக்கி விரிய வைத்தது. உலகில் அப்படிச் செய்த முதல் கார் அதுதான். மற்ற பலவற்றில் முன்சீட்டின் ஓரத்திலிருந்து விரியும் ஏர்பேக்தான். அது முன்னால் இருப்பவருக்கு மட்டும். ஆகவே பிள்ளை சற்று வளர்ந்ததும் முதுகில்லாத பூஸ்டருக்கு மாற்றும் வழக்கத்தைக் கன்வெர்டிபிளில் தள்ளிப்போடுங்கள். தலைக்கு இரு பக்கமும் காது வைத்த உயரமான முதுகுள்ள பூஸ்டர்தான் இங்கே பக்கவாட்டு மோதலுக்கு முக்கியமான காப்பு.

கார் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்ற பயம் எல்லோருக்கும் வரும். முன்கண்ணாடிச் சட்டத்தைத் தடித்த எஃகில் செய்கிறார்கள். பின்சீட்டுக்குப் பின்னால் வளைவுக் கம்பிகள் இருக்கும். பழைய மினியில் அவை எப்போதும் வெளியே நிற்கும், பி.எம்.டபிள்யூ., ஆடி, மெர்சிடிஸ், கோல்ஃப் ஆகியவற்றில் உள்ளே பதுங்கியிருந்து, கார் சாயும்போது கண்ணிமைக்கும் நேரத்தில் மேலெழும். அவற்றின் மூடிமேல் பொம்மை, தண்ணீர் பாட்டில், ஜாக்கெட் எதையும் வைக்காதீர்கள்.

உங்கள் சீட்டை எடுத்துக்கொண்டு போங்கள்

கார் பார்க்கப் போகும்போது பிள்ளைகளையும் அவர்களின் சீட்டுகளையும் கூட்டிக்கொண்டு போவது இந்த அத்தியாயத்தின் மிக முக்கியமான யோசனை. விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

முதலில் கூரை மூடிய நிலையில் பாருங்கள். மழை நாளில் நீங்கள் படப்போகும் பாடு அதுதான். முன்சீட்டைச் சாய்த்து முன்னால் தள்ளி, குழந்தைச் சீட்டை உள்ளே கொண்டுபோங்கள். முன்சீட் பெல்ட் வழியில் குறுக்கே நிற்கிறதா? 2000களின் பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ் கன்வெர்டிபிளிலும் 2003-க்குப் பிந்தைய சாப் 9-3-யிலும் முன் பெல்ட் சீட்டோடேயே இணைந்திருக்கும். பின்னால் ஏற வழி திறந்து கிடக்கும். சின்ன விஷயமாகத் தெரியும். ஈரக் கோட்டோடு ஒரு ஆறு வயசுக்காரன் தினமும் அந்தப் பட்டையில் காலை மாட்டிக்கொள்ளும்போது சின்னதாகத் தெரியாது. தள்ளிய சீட் பின்னுக்கு வரும்போது பழைய இடத்திலேயே வந்து நிற்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது குழந்தைச் சீட்டைக் காரோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி. தோல் மடிப்புக்குள் புதைந்திருந்தால் விரலால் தேடி, அது எங்கேயிருக்கிறது என்று தெரிந்த பிறகே சீட்டை மாட்டுங்கள். மேல்பட்டை தேவைப்படும் சீட்டானால், அந்தப் பட்டை எங்கே மாட்டப்படுகிறது, கூரை மடியும் வழியில் குறுக்கிடுகிறதா என்பதைக் காரின் கையேட்டில் பார்த்தே ஆகவேண்டும். சீட்டை மாட்டியபின் உயர முதுகின் தலைப்பகுதி கூரைத் துணியில் இடிக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கத்தில் கூரை சரிந்து இறங்கும். கடையில் சீட் விற்றவருக்கு அது தெரிந்திருக்காது.

இப்போது ஓட்டுநர் சீட்டை உங்கள் வழக்கமான இடத்துக்குக் கொண்டுவந்து, பிள்ளையை உங்களுக்குப் பின்னால் உட்காரவையுங்கள். "நீயே பெல்ட் போடு" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். குறுகிய சீட்டில் பூஸ்டரை வைத்ததும் பெல்ட் மாட்டும் கொளுவி பூஸ்டருக்கும் சீட்டின் மேட்டுக்கும் நடுவே புதைந்துவிடும். பிள்ளையின் விரல் அங்கே போகிறதா? போகாவிட்டால், கூரை மூடிய இரண்டு கதவு காரில் நீங்கள்தான் இடுப்பை ஒடித்து உள்ளே நுழைய வேண்டும். பள்ளி வாசலில், பின்னால் வண்டிகள் காத்திருக்கும்போது.

நண்பர் ஒருவர் மடியும் இரும்புக் கூரை கொண்ட கறுப்பு கார் ஒன்றில் மயங்கிக் கிடந்தார். அவர் மனைவி பிள்ளைகளுக்கு முன்னால் தானே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் அமைதி. "ஏங்க, இங்க ஒரு தடவை வந்து உக்காருங்க, அப்புறம் பேசலாம்." உட்கார்ந்து பார்த்தவருக்கு ஜன்னல் தோளுக்கு மேலே இருந்தது. கால் முன்சீட்டில் முட்டியது. கறுப்புத் தோல், கறுப்புக் கூரை உள்பக்கம், பக்கத்தில் கையகலக் கண்ணாடி. அன்றைக்கு அந்தக் கார் அங்கேயே நின்றது. வளைந்த சாலையில் இருட்டு மூலையில் உட்காரும் பிள்ளைக்கு வாந்தி வரும் வாய்ப்பு அதிகம். கூரை மூடியிருக்கும்போது பிள்ளையின் கண்மட்டத்தில் வெளியே என்ன தெரிகிறது என்பது, காலுக்கு இருக்கும் இடத்தைவிட முக்கியம் என்பது என் கட்சி.

கைக்குழந்தை உள்ளவர்களுக்கு ஒரு ஆறுதல். கூரை திறந்திருக்கும்போது குழந்தையைச் சீட்டில் வைப்பது எந்த நாலு கதவுக் காரையும்விட எளிது. நிமிர்ந்து நின்றபடியே மேலிருந்து இறக்கிவிடலாம். மழை பெய்தால் இந்த வசதி எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும்.

காற்று பின்னால்தான் அடிக்கிறது

முன்கண்ணாடியைத் தாண்டி மேலேறும் காற்று, உள்ளே இருக்கும் அழுத்தக் குறைவால் சுழன்று திரும்பி இறங்கும். முன்னால் இருப்பவர்களுக்குக் கண்ணாடி குடையாக இருக்கிறது. அந்தச் சுழல் வந்து விழும் இடம் பின்சீட். ஓட்டுபவர் "என்ன சுகம்!" என்று நினைக்கும் வேகத்தில் பின்னால் தலைமுடி கண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கும்.

இதற்கு விண்ட் டிஃப்ளெக்டர் என்ற வலைத்தடுப்பு உண்டு. விற்பவர் அதைக் காட்டி, "இது போட்டா காத்தே வராது" என்பார். உண்மைதான். ஆனால் பெரும்பாலான நாலு சீட் கார்களில் அந்த வலையைப் பின்சீட்டின் மேல்தான் விரிக்க வேண்டும். அதாவது பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்தால்தான் அது உதவும். இந்த ஒரு விஷயத்தில் மெர்சிடிஸ் வேறு மாதிரி யோசித்தது. 2010-இல் வந்த இ-கிளாஸ் கேப்ரியோலேயில் ஏர்கேப் என்ற ஏற்பாட்டில், முன்கண்ணாடியின் மேல் ஓரத்தில் ஒரு சிறு தகடு எழும்பிக் காற்றை உயரத் தூக்கிவிடும்; பின்சீட்டின் தலைச்சாய்மானங்களுக்கு நடுவே ஒரு வலை நின்று, பின்னாலிருந்து திரும்பும் சுழலைத் தடுக்கும். நாலு பேரும் உட்கார்ந்தபடியே பயன்படுத்தலாம். சி-கிளாஸ் கேப்ரியோலேயிலும் பிறகு வந்தது. தகடு எழும்பி நிற்கும்போது பார்க்க அழகாக இருக்காது. பின்சீட்டுக்காரர்கள் அதைப் பார்க்கப் போவதில்லை.

ஃபியட் 500சி வேறொரு வழி. அதில் கதவுக்கு மேலுள்ள சட்டங்கள் அப்படியே இருக்கும். நடுவிலுள்ள துணி மட்டும் பாய்போலச் சுருண்டு பின்னுக்குப் போகும். முழுக் கன்வெர்டிபிள் என்று சுத்தக்காரர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். பக்கவாட்டுக் காற்று குறைவு, மேலே வானம் தெரியும், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். துணியை முழுக்கத் திறந்தால் சுருள் பின்கண்ணாடியை மறைத்துவிடும் என்பது குறை. சீட் சிறியது, டிக்கி 182 லிட்டர்தான். ஒரே பிள்ளை, நகரத்துக்குள் ஓட்டம் என்றால் யோசிக்கலாம். அபார்த் 595சி அதே உடம்பில் முரட்டு எஞ்சின்.

டெஸ்ட் டிரைவில் நீங்கள் ஓட்டியது போதும் என்று ஆனதும், இன்னொருவரை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னால் ஏறுங்கள். கண்ணாடிகள் நாலும் மேலே, கூரை கீழே, மணிக்கு 40 மைல். பிறகு 60. பின்சீட்டில் இருந்து முன்சீட்டுக்குச் சாதாரணக் குரலில் பேச முடிந்தால் அந்தக் கார் தேறிவிட்டது. மோட்டார்வேயில் 70-இல் எந்தக் காரும் தேறாது. அங்கே கூரையை மூடிவிடுவதே மரியாதை.

துணியா, இரும்பா?

2000களில் இரும்புக் கூரை மோகம் ஒன்று அடித்தது. பெஜோ 307 சி.சி., ரெனோ மெகான், வோக்ஸால் ஆஸ்ட்ரா ட்வின்டாப், ஃபோக்ஸ்வேகன் ஈயோஸ், பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ் என்று எல்லோரும் தகட்டை மடித்து டிக்கிக்குள் திணித்தார்கள். மூடினால் சாதாரணக் கார் மாதிரி இருக்கும், கத்தியால் கிழிக்க முடியாது, குளிர் உள்ளே வராது. விலையாகக் கொடுப்பது டிக்கி. ஈயோஸில் மூடியிருக்கும்போது 380 லிட்டர், திறந்தால் 205. 2007-இல் வந்த 3 சீரிஸ் கன்வெர்டிபிளில் 350, திறந்தால் 210. அந்த 205-ம் தகடுகளுக்கு அடியில் தட்டையாகக் கிடக்கும் இடம். குழந்தை வண்டியை அதற்குள் நுழைக்க முடியாது. விடுமுறைக்குக் கடற்கரை போகும்போதுதான் கூரையைத் திறக்க ஆசை வரும். அன்றைக்குத்தான் டிக்கியும் நிரம்பியிருக்கும்.

துணிக் கூரை எடை குறைவு, மடித்தால் சிறிசு. 2011 முதல் 2016 வரை வந்த கோல்ஃப் கேப்ரியோலேயில் திறந்தாலும் மூடினாலும் 250 லிட்டர். கூரை டிக்கிக்குள் வருவதே இல்லை. 9.5 விநாடியில் திறந்துவிடும், மணிக்கு 30 கிலோமீட்டர் வரை ஓடிக்கொண்டிருக்கும்போதே. பி.எம்.டபிள்யூ. 2 சீரிஸும் ஆடி ஏ5-உம் 50 கிலோமீட்டர் வரை அனுமதிக்கும். சிக்னலில் தூறல் விழுந்தால் இந்த எண்களின் அருமை தெரியும். பழைய இரும்புக் கூரைகளில் பல, காரை ஓரங்கட்டி நிறுத்தினால்தான் அசையும். பி.எம்.டபிள்யூவே 2021-க்குப் பிந்தைய 4 சீரிஸில் இரும்பை விட்டுத் துணிக்குத் திரும்பிவிட்டது. எனக்கும் துணிதான் பிடித்தம். இரவில் தெருவில் நிறுத்துபவர்கள் மட்டும் சீட்டில் ஒரு பையைக்கூட வைக்காமல் போகப் பழகிக்கொள்ள வேண்டும்.

எது வேடிக்கை?

மூடியோடு இருக்கும் செருப்பு அட்டைப்பெட்டியை முறுக்கிப் பாருங்கள், மூடியை எடுத்துவிட்டு முறுக்கிப் பாருங்கள். கூரையை வெட்டிய காருக்கு நேர்வது அதுதான். முறுக்கத்தைத் தடுக்க அடியில் எஃகுத் தண்டுகள் சேர்க்கிறார்கள், எடை கூடுகிறது, கூடியும் மோசமான சாலையில் ஒரு நடுக்கம் மிச்சம் இருக்கும். மேடுபள்ளமான தெருவில் ஓட்டும்போது உள்ளே இருக்கும் பின்நோக்குக் கண்ணாடியைக் கவனியுங்கள். அது நடுங்கினால் கார் நடுங்குகிறது. மினியிலும் பி.எம்.டபிள்யூவிலும் பெரும்பாலும் பஞ்சரானாலும் ஓடும் ரன்ஃப்ளாட் டயர் இருக்கும். அதன் ஓரம் விறைப்பானது, நடுக்கத்தை இன்னும் கூட்டும். டயர் தேயும்போது சாதாரண டயருக்கு மாறி, பஞ்சர் கிட் ஒன்றை டிக்கியில் போட்டுக்கொண்டால் காரே மாறிவிட்டதுபோல் இருக்கும். இன்சூரன்ஸ்காரரிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்.

குதிரைத்திறன் விஷயத்தில் திறந்த கார் தயவு காட்டுகிறது. காற்றும் சத்தமும் பக்கத்தில் இருப்பதால் 45 மைல் 65 மாதிரி இருக்கும். பிள்ளைகளோடு போகிற சாலையில் அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒன்றோ இரண்டோ சின்னப் பிள்ளைகள், ஓட்டும் வேடிக்கைதான் முதன்மை என்றால் என் முதல் தேர்வு மினி கூப்பர் எஸ். 2016-க்குப் பிந்தைய தலைமுறையில் இரண்டு லிட்டர் டர்போ, 192 குதிரைத்திறன். ஸ்டீயரிங்கைத் தொட்டால் திரும்பும். கூரையின் முன்பகுதியை மட்டும் சன்ரூஃப் மாதிரி நாற்பது சென்டிமீட்டர் திறந்துவைக்கலாம் என்பது பின்சீட்டுக்குப் பெரிய வரம். காற்றடிக்காமல் வானம் கிடைக்கும். டிக்கி 215 லிட்டர், திறந்தால் 160. மூடி கீழ்நோக்கித் திறந்து பலகையாக நிற்கும். பிள்ளைகள் அதில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட ஆசைப்படுவார்கள். முந்தைய தலைமுறைக் கூப்பர் எஸ் பார்ப்பதானால் 2010-க்கு முந்தைய எஞ்சினைத் தவிருங்கள். டைமிங் செயின் தளர்ந்து, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது கடகடவென்று சத்தம் வருவது அதற்குப் பெயர்போன நோய்.

பிள்ளைகள் ஆறு ஏழு வயதைத் தாண்டியிருந்தால் 2015 முதல் 2021 வரை வந்த பி.எம்.டபிள்யூ. 2 சீரிஸ் கன்வெர்டிபிள். பின்சக்கர இழுப்பு, மினியைவிடப் பின்னால் இடம், 335 லிட்டர் டிக்கி, திறந்தால் 280. எம்240ஐ என்ற வகையில் ஆறு சிலிண்டர், 340 குதிரைத்திறன். ஆனால் 220ஐ வகையே வேண்டிய வேடிக்கையைத் தரும், பெட்ரோலும் மிச்சம். கோல்ஃப் கேப்ரியோலே இவ்வளவு கூர்மையாகத் திரும்பாது. வீட்டின் ஒரே காராக இருக்கப்போகிறதென்றால் அதுதான் புத்திசாலித்தனம், அதிலேயே ஜி.டி.ஐ. கிடைத்தால் விடாதீர்கள். ஆடி ஏ5, மெர்சிடிஸ் இ-கிளாஸ் இரண்டும் பின்சீட்டுக்குச் சுகமானவை, நீண்ட பயணத்துக்கு ஏற்றவை. வளைவில் உற்சாகப்படுத்துபவை அல்ல. சாப் 9-3-க்கு இன்னும் ரசிகர்கள் உண்டு, பின்னால் இடமும் உண்டு. நிறுவனம் 2011-இல் திவாலாகிவிட்டது. கூரை வேலை தெரிந்த மெக்கானிக் அருகில் இல்லாவிட்டால் தூரத்திலிருந்தே ரசிக்கலாம்.

மஸ்டாங்கைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். 2015-இல் வந்த தலைமுறைதான் தொழிற்சாலையிலேயே வலதுபக்க ஸ்டீயரிங்கோடு வந்த முதல் மஸ்டாங். வி8 சத்தத்துக்குப் பிள்ளைகள் அடிமையாகிவிடுவார்கள். ஆனால் 2017 ஜனவரியில் யூரோ என்கேப் மோதல் சோதனையில் அதற்கு இரண்டே நட்சத்திரம். குழந்தைப் பாதுகாப்புக்கு 32 சதவீதம். பின்சீட் பெல்ட்டை மோதும் கணத்தில் இறுக்கும் பிரிடென்ஷனர் இல்லை. பின்னால் இருந்த பொம்மை பெல்ட்டுக்கு அடியில் வழுக்கியது. பிறகு திருத்தங்கள் செய்து அதே ஆண்டில் மூன்று நட்சத்திரம் வாங்கியது. சோதித்தது மூடிய கூரை வகையை. இருவராகப் போக வாங்குங்கள். பின்னால் பிள்ளைகளை வைத்துக்கொள்ள அந்த ஆரம்பகாலக் கார்களை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

பழையதை எடுக்கும்போது

கன்வெர்டிபிளின் முதல் எதிரி தண்ணீர். டிக்கி விரிப்பைத் தூக்கி அடியில் கைவைத்துப் பாருங்கள். பின்சீட் காலடி விரிப்பையும். முகர்ந்து பாருங்கள். புழுங்கல் வாடையை மறைக்க வாசனைப் பொருள் தொங்கவிட்டிருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். கூரை ஓரங்களில் விழும் நீர் வடிய ஓட்டைகள் உண்டு. இலை அடைத்தால் நீர் உள்ளே திரும்பும், சீட்டுக்கடியில் இருக்கும் மின் பெட்டிகளைக் கெடுக்கும். ஈயோஸ் மாதிரிப் பல துண்டாக மடியும் கூரைகளுக்கு ரப்பர் ஓரங்களில் அதற்குரிய கிரீஸ் தடவிக்கொண்டே இருக்க வேண்டும்; கடைசியாக எப்போது தடவினீர்கள் என்று கேட்டால், விற்பவர் காரை எப்படி வைத்திருந்தார் என்பது பதிலில் தெரிந்துவிடும். மழை நாளில் போய்ப் பார்ப்பது உத்தமம்.

கூரையை ஒரு தடவை திறந்து மூடிக் காட்டுவார்கள். போதாது. எஞ்சினை ஓடவிட்டு அடுத்தடுத்து மூன்று தடவை கேளுங்கள். பம்ப் ஒரே சீராக முனக வேண்டும். இடையில் தயங்கினாலோ, ஒரு பக்கம் முந்தி மறுபக்கம் பிந்தினாலோ ஹைட்ராலிக் எண்ணெய் குறைந்திருக்கலாம், சென்சார் கோளாறாக இருக்கலாம். "பேட்டரி வீக், அதான்" என்ற பதிலை ஏற்காதீர்கள். புது பேட்டரி போட்டுக் காட்டட்டும்.

கார் எண்ணை வைத்து அரசு இணையதளத்தில் எம்.ஓ.டி. என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனையின் வரலாற்றை இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு வருஷமும் ஓடிய மைல் அங்கே இருக்கும். திடீரென்று குறைந்திருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் என்று லண்டனுக்குள் இருப்பவர்கள் புகை அதிகம் கக்கும் கார்களுக்குக் கட்டணம் வாங்கும் யூலெஸ் வளையத்தை மறக்கக்கூடாது. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களும் அதற்குள் வந்துவிட்டன. தேறாத காருக்கு ஓட்டுகிற நாளுக்கெல்லாம் 12.50 பவுண்டு. பெட்ரோல் கார் 2006-க்குப் பிந்தையதானால் பொதுவாகத் தேறும். டீசல் 2015 செப்டம்பருக்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். மலிவாக விளம்பரத்தில் வரும் டீசல் ஈயோஸ், டீசல் 1 சீரிஸ் எல்லாம் ஏன் மலிவு என்று இப்போது புரியும். சாலை வரியில் இன்னொரு கண்ணி: 2017 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான கார், புதிதாக இருந்தபோது 40,000 பவுண்டுக்கு மேல் விலை என்றால், இரண்டாம் வருஷத்திலிருந்து ஐந்து வருஷம் கூடுதல் வரி. நீங்கள் கொடுப்பது பதினெட்டாயிரமாக இருந்தாலும் அது தொடரும். கூடுதல் வசதிகள் சேர்த்த பி.எம்.டபிள்யூ., ஆடியெல்லாம் சுலபமாக அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கும்.

டீலரிடம் வாங்கினால் 2015-இன் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, முப்பது நாளுக்குள் குறை வெளிப்பட்டால் காரைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்க உரிமை உண்டு. தனியாரிடம் வாங்கினால் அந்தக் காப்பு இல்லை. கூரை கோளாறு என்பது ஆயிரக்கணக்கில் பணம் தின்னும் விஷயம். முதல் கன்வெர்டிபிளை டீலரிடமே எடுங்கள், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை பாருங்கள். வெயில் அடித்த முதல் சனிக்கிழமையில் எல்லோருக்கும் இந்த ஆசை வரும், அன்றைக்குப் பேரம் படியாது. குளிர்காலத்தில் விற்பவருக்கு இடம் காலியானால் போதும் என்றிருக்கும், மழையும் உங்களுக்காகக் கூரையைச் சோதித்துக் கொடுக்கும். அப்படி எடுத்த காரை ஏப்ரல் வரை மூடியே ஓட்டிப் பழகுங்கள். முதல் திறந்த பயணம் அரை மணிக்குள் முடியட்டும், மோட்டார்வே வேண்டாம். பிள்ளைகளுக்குத் தாடைக்குக் கீழே கட்டும் தொப்பி, சன்கிரீம், ஹூட் வைத்த மேல்சட்டை; பேச்சுக்கு நடுவே ஒரு கண் கண்ணாடியில். திறந்த காரை வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் பெல்ட்டின் உலோகக் கொளுவியைத் தொட்டுப் பார்த்த பிறகு பிள்ளையை உட்காரவையுங்கள். கறுப்புத் தோல் சீட்டின் மேல் ஒரு துண்டை விரித்துவிட்டுப் போவது நல்லது. 2007-க்குப் பிந்தைய 3 சீரிஸ் கன்வெர்டிபிளுக்கு பி.எம்.டபிள்யூ. வெயிலைத் திருப்பியடிக்கும் தோல் உறை ஒன்றைக் கொடுத்தது. அது உள்ள கார் கிடைத்தால் துண்டு தேவையில்லை. மழையில் நனைந்த துணிக் கூரையை மடித்து வைக்காதீர்கள். காயட்டும், பிறகு திறக்கலாம்.